கொச்சையாய்த் தெரியும் பழைய தமிழ்க் கோப்பு: அதன் குறிமுறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அண்ணன் போன ஆடி மாதம் எங்கள் டிடிபி கடைக்கு ஒரு பென்டிரைவோடு வந்தார். அவருடைய அப்பா 2001-இல் உட்கார்ந்து தட்டச்சு செய்த மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக மலர் அதில் இருந்தது. ஊர் வரலாறு, திருப்பணிக்குக் கொடுத்தவர்கள் பட்டியல், பழைய பூசாரிகளின் வம்சாவளி என எல்லாம் சேர்த்து நாற்பது பக்கம். அப்பா இப்போது இல்லை. கோப்பைத் திறந்தால் சாய்கோடு போட்ட ஆங்கில எழுத்தும் பின்னக் குறியும் நாணயக் குறியுமாக வந்தது. "தம்பி, இது கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

கெடவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மனதில் முதலில் பதிய வேண்டியது அதுதான். கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களைச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைக்குப் பெயர் குறிமுறை. கோப்பை எழுதியவர் ஓர் அட்டவணையை வைத்து எழுதினார், நம் கணினி வேறொன்றை வைத்துப் படிக்கிறது. எண்கள் அப்படியே இருக்கும்வரை எழுத்தை மீட்டுவிடலாம். எண்கள் போய்விட்டால் யாராலும் முடியாது. ஆகவே எண்களைக் காப்பதுதான் முதல் வேலை.

தொடுவதற்கு முன்

கோப்பை நகலெடுங்கள். மூலத்தை ஒரு தனி உறையில் போட்டு, 'படிக்க மட்டும்' என்று பூட்டி வையுங்கள். நகலைத்தான் திறக்க வேண்டும். திறந்து பார்த்தபின், "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கணினி கேட்டால் "வேண்டாம்" என்றே சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த மீட்க முடியாத கோப்புகள் பலவும் சேமிக்கும்போது அழிந்தவைதான். ஒரு செயலிக்குப் புரியாத எண் வந்தால் அது கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியைக் காட்டும். காட்டும்வரை பிரச்சினை இல்லை. அந்த நிலையில் சேமித்துவிட்டால் பழைய எண் போய், அந்த இடத்தில் 239, 191, 189 என்ற மூன்று எண்கள் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை வேறொரு செயலி அதை இரட்டைப் புள்ளி வைத்த சின்ன ஐ (ï), தலைகீழ்க் கேள்விக்குறி (¿), அரை என்னும் பின்னக் குறி (½) என்று காட்டும். கோப்பு முழுக்க இந்த மூன்றும் சேர்ந்து சேர்ந்து வந்தால் தேடுவதை நிறுத்திவிட்டு, வேறு நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் கேள்விக்குறிகளாகவே வரிசையாக இருந்தாலும் அதே கதைதான்.

கட்டம் கட்டமாகத் தெரிவது வேறு. அது எழுத்துரு இல்லாத குறை. வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்தால் சரியாகிவிடும். அதற்கும் குறிமுறைக்கும் சம்பந்தமில்லை.

கோப்பிடமே கேளுங்கள்

வேர்டு கோப்பாக இருந்தால் பாதி விடை மேலேயே எழுதியிருக்கும். கொச்சையான வரிக்குள் ஒரு முறை சொடுக்கி, எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் அங்கே நிற்கும். பாமினி, வானவில், திஸ்கி, டாப், டாம் என்பவை பழைய தமிழ்க் குறிமுறைகளின் பெயர்கள். பாமினி என்று இருந்தால் பாமினி. வானவில் என்று தொடங்கினால் வானவில். 'டிஎஸ்சியு' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் திஸ்கி. டாப், டாம் எழுத்துருக்களும் பெரும்பாலும் தங்கள் பெயரைத் தலையிலேயே வைத்திருக்கும். பேஜ்மேக்கர் கோப்புக்கும் இதே வழிதான்.

அப்புறம் ஆண்டு. கோப்பு எப்போது எழுதப்பட்டது என்பதே வலையைச் சுருக்கிவிடும். 1990-களில் தமிழ்நாட்டில் ஒவ்வொரு மென்பொருள்காரரும் தமக்கென்று ஓர் அட்டவணை வைத்திருந்தார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசி உருவாக்கியது திஸ்கி. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்ப கால மின்னூல்கள் திஸ்கியில் வந்தவை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாப், டாம் இரண்டையும் ஏற்றது. 2010-இல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான அட்டவணையான யூனிகோடை ஏற்றது. அதனால் 2001-இல் வீட்டுக் கணினியில் எழுதியது என்றால் யூனிகோடாக இருக்க வாய்ப்பு குறைவு. போன வருடம் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது என்றால் யூனிகோடைத் தவிர வேறு எதையும் முதலில் சந்தேகிக்க வேண்டாம்.

எழுதியவர் எந்த ஊரில், எந்தக் கணினியில், யாரிடம் தட்டச்சு படித்தார் என்றும் கேளுங்கள். வந்தவர்கள் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.

கண்ணால் பார்த்தே பிரிப்பது

எழுத்துருப் பெயர் இல்லாத வெறும் உரைக் கோப்பு என்றால் கண்ணுக்குத்தான் வேலை. இனி சில பெயர்களை வைத்துக்கொள்வோம். எழுத்தின் தலையில் இடமிருந்து கீழே சரியும் கோடு இடச்சாய்வு. வலப்பக்கம் மேலே ஏறும் கோடு வலச்சாய்வு. கூரை போல இருப்பது கூரை. நெளிந்திருப்பது அலைக்கோடு.

*யூனிகோடைத் தவறாகப் படித்தது.* இன்றைக்கு அதிகம் வருவது இதுதான். மூன்று எழுத்துக்கு ஒரு முறை இடச்சாய்வு போட்ட சின்ன ஏ (à) வரும், அதை ஒட்டி ® குறியோ, மேல்கோடு (¯) ஒன்றோ நிற்கும். பக்கம் முழுக்க இதே தாளம். காரணம் எளிது. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. முதல் எண் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆக பதினைந்து எண்கள். அவற்றை விண்டோஸின் பழைய மேற்கத்திய அட்டவணையான 1252-ஐ வைத்துப் படித்தால் 224 இடச்சாய்வு ஏ ஆகிவிடும், 174 ® ஆகிவிடும்.

புதுச்சேரி வேலைகளில் இந்த இரண்டாவது எண் இன்னொரு உதவியும் செய்யும். புதுச்சேரி, காரைக்கால் என்றால் தமிழ். ஆனால் அதே ஒன்றியப் பகுதியில் மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. ஒரே பட்டியலில் நான்கு ஊர்ப் பெயர்களும் கலந்து கொச்சையாகி வந்தால், இடச்சாய்வு ஏ-வுக்கு அடுத்து வருவதைப் பாருங்கள். ® என்றால் தமிழ். பாகைக் குறி (°) அல்லது கூட்டல் கழித்தல் குறி (±) என்றால் தெலுங்கு, அதாவது 176, 177. 180, 181 வந்தால் மலையாளம். ஒரு வார்த்தையும் படிக்கத் தெரியாமலே மொழியைச் சொல்லிவிடலாம்.

இதைச் சரிசெய்வது சுலபம். எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்த சிஎஸ்வி கோப்பு என்றால் மூடிவிட்டு, டேட்டா மெனுவில் உரைக் கோப்பிலிருந்து எடு என்பதைத் தேர்ந்து, கோப்பின் மூலக் குறிமுறை என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யூடிஎஃப்-8-ஐக் கொடுங்கள். இணையப் பக்கம் என்றால் ஃபயர்ஃபாக்ஸில் காட்சி மெனுவில் உள்ள 'எழுத்துக் குறிமுறையைப் பழுதுபார்' என்பதை அழுத்துங்கள். கொச்சையாகவே ஒட்டப்பட்ட வரிகள் மட்டும்தான் கையில் இருக்கின்றன என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸில் புதுக் கோப்பு திறந்து, குறிமுறையை ஆன்சி என்று வைத்து, வரிகளை ஒட்டி, பிறகு குறிமுறை மெனுவின் மேல்பகுதியில் உள்ள யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுங்கள்.

மேல்பகுதி என்று சொன்னதைக் கவனியுங்கள். அந்த மெனுவில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே இருப்பவை எண்களைத் தொடாமல் படிக்கும் அட்டவணையை மட்டும் மாற்றும். கீழே 'மாற்று' என்று தொடங்குபவை எண்களையே திருத்தி எழுதும். கண்டுபிடிக்கும் வேலை முழுக்க மேலே. கண்டுபிடித்து முடித்த பிறகுதான் கீழே போக வேண்டும். புதிதாக வந்த பையன்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு கோப்பை மூன்று முறை மாற்றிக் கொண்டுவருவார்கள். அப்போது அலைக்கோடு போட்ட பெரிய ஏ-வும் கூரை போட்ட பெரிய ஏ-வும் மாறி மாறி வரும். அது ஒரு முறை கொச்சையானதை மறுபடியும் யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்ததன் அடையாளம். அதே மருந்தை இரண்டு முறை கொடுத்தால் தீரும்.

இங்கே தமிழுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. 1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து இடங்கள் காலி. யூடிஎஃப்-8-இல் மெய்ப்புள்ளியின் மூன்றாவது எண் 141. உகரக் குறியின் மூன்றாவது எண் 129. தமிழில் எங்கு பார்த்தாலும் வரும் இரண்டு குறிகள், இரண்டும் சரியாகக் காலி இடத்தில் போய் விழுகின்றன. சில செயலிகள் அந்த எண்ணைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்கும், அப்போது முழுதாக மீளும். சில செயலிகள் அதைக் கைவிட்டுவிடும். அப்படிக் கைவிட்டிருந்தால் இடச்சாய்வு ஏ-வும் மேல்கோடும் மட்டும் துணையின்றி நிற்கும். அந்த இடத்தில் இருந்தது புள்ளியா, உகரமா என்று நாம்தான் படித்து முடிவு செய்ய வேண்டும். 'தமிழ்' என்பதா 'தமிழு' என்பதா என்று தமிழ் தெரிந்தவருக்குத் தெரியும். ஏகாரமும் ஐகாரமும் 143, 144-இல் இருப்பதால் அவற்றுக்கும் இதே கதி. ஆனால் அவை சொல்லின் தொடக்கத்தில் வருபவை என்பதால் எளிதில் பிடித்துவிடலாம்.

*பாமினி.* சாய்கோடு ஏதும் இல்லாமல் சாதாரண ஆங்கிலச் சின்ன எழுத்துகளாகவே தெரிந்து, ஆனால் ஒரு சொல்லும் ஆங்கிலமாக இல்லாவிட்டால் பாமினியை நினையுங்கள். நிச்சயப்படுத்த இரண்டு அடையாளங்கள். சொல்லின் நடுவிலும் இறுதியிலும் அரைப்புள்ளி (;) கொட்டிக் கிடக்கும், அதுதான் மெய்ப்புள்ளி. காற்புள்ளியில் (,) தொடங்கும் சொற்கள் வரும், அது இகரம். 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. 'கடல்' என்பது எஃப், எல், ஒய், அரைப்புள்ளி. கடலூர்க்காரர்களுக்கு இதுவே ஒரு நல்ல சாவி. பறப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஓர் அரைப்புள்ளியும் சம்பந்தமில்லாத இடத்தில் நின்றால், அங்கே கடல் இருக்கிறது.

பாமினியின் எழுத்துகள் பெரும்பாலும் பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசை வரிசையில் அமைந்தவை. எங்கள் தெருவில் தட்டச்சு லோயர், ஹையர் இரண்டும் முடித்த ஓர் அக்கா இருக்கிறார். பாமினி வரியைக் கொடுத்தால் மேசைமேல் விரல்களை வைத்து, அந்த ஆங்கில எழுத்துகளை அடிப்பதுபோல் அசைத்து, வாய்விட்டுத் தமிழில் படிப்பார். கண் படிப்பதில்லை, விரல் படிக்கிறது. கடலூரில் தட்டச்சு நிலையங்களுக்குப் போய் வந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால் மென்பொருளுக்கு முன் அவரிடம் காட்டுங்கள்.

*வானவில்.* இதுவும் அதே தட்டச்சு வரிசையின் உறவு. ஜே என்றால் த, ஈ என்றால் ந, ஹெச் என்றால் துணைக்கால் என்பதெல்லாம் இதிலும் உண்டு. ஆனால் அரைப்புள்ளிக் கூட்டம் இருக்காது, இடையிடையே விசித்திர எழுத்துகள் தலைகாட்டும். அரசு ஆவணங்களிலிருந்து நகலெடுத்த உரையில் ஜே, இரட்டைப் புள்ளி வைத்த ஏ, ஓ-வும் ஈ-யும் ஒட்டிப் பிறந்த எழுத்து, ஈ, ஹெச், பெரிய எல் என்று வந்தால் அது 'தமிழ்நாடு'. அடுத்த சொல் எம், யூ, பெரிய ஆர் என்று இருந்தால் 'அரசு'. இந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொண்டால் வானவில்லை ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

*திஸ்கியும் டாப்பும்.* இரண்டிலும் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட எண்களில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் கொச்சையாகத் தெரியும்போது சாய்கோட்டு எழுத்துகளும் நாணயக் குறிகளுமாக ஒரே மாதிரி இருக்கும். நான் பிரிப்பது துணைக்காலை வைத்து. துணைக்கால் இல்லாமல் இரண்டு வரித் தமிழ் எழுதுவது கடினம் அல்லவா! திஸ்கியில் அதன் எண் 161, அது தலைகீழ் ஆச்சரியக்குறியாக (¡) தெரியும். டாப்பில் அது 163, பவுண்டுக் குறி (£). பக்கத்தில் தலைகீழ் ஆச்சரியக்குறிகள் குவிந்திருந்தால் திஸ்கி, பவுண்டுகள் குவிந்திருந்தால் டாப் அல்லது அதன் பங்காளிகள். சென்ட் குறியை (¢) வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். திஸ்கியில் அது இகரக் கொக்கி, டாப்பில் அது மெய்ப்புள்ளி, இரண்டிலும் நிறைய வரும். முக்கால் குறியும் (¾) அப்படித்தான். திஸ்கியில் அது த. தவறாகப் படித்த யூனிகோடில் துணைக்காலின் மூன்றாவது எண்.

*இஸ்கி*, அதாவது இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த பழைய குறிமுறை, எங்கள் பக்கம் அரிது. இடச்சாய்வு போட்ட சின்ன ஈ சொல்லுக்குச் சொல் வந்தால் சந்தேகிக்கலாம், அதன் எண் 232, அங்கே அதுதான் புள்ளி.

தெரிந்த சொல்லைத் தேடுவது

மேலே சொன்ன அடையாளங்கள் எதிலும் கோப்பு அடங்கவில்லை என்றால் என்ன செய்வது? பழைய எழுத்துருக்கள் எக்கச்சக்கம். எல்லா அட்டவணையும் யாருக்கும் மனப்பாடம் ஆகாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வழி கைகொடுக்கிறது. கோப்புக்குள் நிச்சயம் இருந்தே தீர வேண்டிய ஒரு சொல்லை முதலில் யோசியுங்கள். அதன் எழுத்து வடிவத்தைத் தேடாமல், எழுத்துகள் திரும்ப வரும் வடிவத்தைத் தேடுங்கள்.

அந்த அண்ணனின் கோப்பு மாரியம்மன் கோயில் மலர். 'அம்மன்' என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறையாவது வரும். இதை உடைத்துப் பாருங்கள்: அ, ம, புள்ளி, ம, ன, புள்ளி. ஆறு குறிகள். இரண்டாவதும் நான்காவதும் ஒன்று, மூன்றாவதும் ஆறாவதும் ஒன்று. 1-2-3-2-4-3 என்று ஒரு வடிவம் கிடைக்கிறது. புள்ளியைத் தனியாக வைக்கும் குறிமுறை எதுவானாலும் 'அம்மன்' இந்த வடிவத்தில்தான் இருக்க முடியும். பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி. டாப்பிலும் இதே நடை.

அவருடைய கோப்பில் இந்த வடிவம் எங்குமே கிடைக்கவில்லை. கிடைக்காததும் ஒரு செய்திதான். அப்படியானால் புள்ளி தனியாக இல்லை, 'ம்' என்பதற்கும் 'ன்' என்பதற்கும் தனித்தனி எண் வைத்த முறை. அங்கே 'அம்மன்' நான்கே குறிகள், நான்கும் வேறு வேறு. திஸ்கியும் வானவில்லும் இந்த வகை. அடிக்கடி வரும் நான்கு குறிக் கூட்டம் ஒன்றைத் தேடினோம். இரட்டை அம்புக்குறி («), அலைக்கோடு போட்ட ஓ, வலச்சாய்வு போட்ட பெரிய ஏ, வலச்சாய்வு போட்ட ஒய் என்ற கூட்டம் முதல் பக்கத்திலேயே ஏழு இடத்தில் இருந்தது. எண்களாகப் பார்த்தால் 171, 245, 193, 253. திஸ்கி அட்டவணையில் 171 அ, 245 ம், 193 ம, 253 ன். அண்ணனிடம் திரையைத் திருப்பிக் காட்டி, "இதோ பாருங்க, அம்மன்" என்றேன். அவர் அந்த நான்கு குறிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

எண்களைப் பார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். நோட்பேட் பிளஸ் பிளஸுக்கு ஒரு ஹெக்ஸ் செருகுநிரல் இருக்கிறது. லினக்ஸ் என்றால் ஓடி கட்டளை. பைத்தான் தெரிந்தவர்கள் கோப்பைப் பைட்டுகளாகத் திறந்து முதல் நூறு எண்களை அச்சிட்டுக்கொள்ளலாம். சில கருவிகள் 16 அடிமானத்தில் காட்டும், விண்டோஸ் கால்குலேட்டரின் புரோகிராமர் முகப்பில் பத்தடிமானமாக்கிக்கொள்ளுங்கள். கோப்பின் முதல் மூன்று எண்கள் 239, 187, 191 என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், அது யூடிஎஃப்-8. 255, 254 என்று தொடங்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று 11 வந்தால் அது யூடிஎஃப்-16-இல் எழுதிய தமிழ். விண்டோஸின் பழைய நோட்பேடில் யூனிகோடு என்று சேமித்தால் அப்படித்தான் வரும்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். இரட்டித்த எழுத்துள்ள சொல், அடிக்கடி வரும் சொல், இரண்டும் சேர்ந்தால் உத்தமம். கல்யாணப் பத்திரிகை என்றால் 'அவர்கள்', 'திருமணம்'. நிலப் பத்திரம் என்றால் 'கிராமம்', 'வட்டம்'. ஊர்ப் பெயரும் நல்லது. 'திருப்பாதிரிப்புலியூர்' போல நீளமானது கிடைத்தால் அதிர்ஷ்டம், 'ப்பு' 'ப்பா' என்று பகரம் ஒரே சொல்லில் எத்தனை முறை திரும்புகிறது பாருங்கள்.

பிரெஞ்சு கலந்த கோப்புகள்

புதுச்சேரியிலிருந்து வரும் குடும்ப ஆவணங்களில் தமிழோடு பிரெஞ்சும் இருக்கும். பிரெஞ்சு மட்டும் கொச்சையாகியிருந்தால் பிரச்சினை சிறியது. அலைக்கோடு போட்ட பெரிய ஏ-வும் பதிப்புரிமைக் குறியும் (©) சேர்ந்து வருகிற இடத்தில் இருந்தது வலச்சாய்வு போட்ட ஈ. யூடிஎஃப்-8-ஐ 1252 என்று படித்ததன் விளைவு, மேலே சொன்ன அதே முறையில் திரும்பும்.

சிக்கல் எங்கே என்றால், டாப் எழுத்துருவில் எழுதிய தமிழும் பிரெஞ்சும் ஒரே உரைக் கோப்பில் எழுத்துருத் தகவல் இல்லாமல் இருக்கும்போது. கூரை போட்ட ஐ-யின் எண் 238. பிரெஞ்சில் அது தீவு என்ற சொல்லின் முதலெழுத்து, டாப்பில் அது 'த'. எண்ணைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. கோப்பை மொத்தமாக மாற்றினால் பிரெஞ்சுப் பெயர்கள் தமிழ்ப் பிதற்றலாகிவிடும். பொறுமையாக வரி வரியாகப் பிரித்து, தமிழ் வரிகளை மட்டும் மாற்றுங்கள். பாமினிக் கோப்பில் கலந்திருக்கும் ஆங்கில முகவரிகளுக்கும் இதுவே எச்சரிக்கை. வேர்டு கோப்பு கையில் இருந்தால் எழுத்துருவை வைத்துத் தமிழ்ப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அதனால்தான் அவசரப்பட்டு வெறும் உரையாகச் சேமிக்காதீர்கள் என்கிறேன்.

கொச்சை அல்ல, மூட்டை

சில நேரம் எழுத்து மாறியிருக்காது, கட்டி அனுப்பப்பட்டிருக்கும். சதவீதக் குறிகள் வரிசையாக வந்தால் இணைய முகவரிக்குள் இருக்கும் தமிழ். 2944-லிருந்து 3071-க்குள் எண்கள் ஒரு வேலிக் குறியோடும் (#) அரைப்புள்ளியோடும் வந்தால் இணையப் பக்கத்துக்கான யூனிகோடு எண்கள், 2980 என்றால் த. மின்னஞ்சல் தலைப்பில் 4, பெரிய கே, 6 என்ற மூன்றும் நான்கு எழுத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வந்தால் அது பேஸ்64 மூட்டைக்குள் இருக்கும் தமிழ். மூட்டையை அவிழ்க்க இணையத்தில் கருவிகள் நிறைய.

பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்தது கொச்சையாக வந்தால், முதலில் வானவில் போன்ற பழைய எழுத்துருவா என்று பாருங்கள். அதிலும் பிடிபடாவிட்டால் நேரத்தை வீணாக்காமல் பக்கத்தைப் படமாக்கி, டெசராக்ட் போன்ற எழுத்துணரி ஒன்றில் தமிழைத் தேர்ந்து கொடுத்துவிடுங்கள். பிடிஎஃப்-க்குள் எழுத்துகளுக்கு இஷ்டம்போல் எண் கொடுத்திருப்பார்கள், அட்டவணையே இல்லாத இடத்தில் தேடிப் பயனில்லை.

மாற்றிய பிறகு

குறிமுறை தெரிந்துவிட்டால் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. விண்டோஸில் என்.எச்.எம். கன்வர்ட்டர் திஸ்கி, டாப், டாம், பாமினி உட்படப் பலவற்றை யூனிகோடுக்கு மாற்றும். லினக்ஸில் இருக்கும் ஐகான்வ் திஸ்கியை அறியும். பைத்தானில் ஓப்பன் தமிழ் நிரல்தொகுப்பு இருக்கிறது. எதைச் செய்தாலும் முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள்.

முழுதாக மாற்றியபின் மூன்று இடங்களைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ஒன்று, ரகரம். பழைய எழுத்துருக்களில் 'ர்', 'ரி' எழுதத் துணைக்காலையே போட்டு மேலே புள்ளியோ கொக்கியோ வைப்பார்கள், அச்சில் வித்தியாசம் தெரியாது. மாற்றினால் 'ஆசிரியர்' என்பது 'ஆசிாியா்' என்று வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதுபோல் இருந்தாலும் கணினிக்கு அது வேறு சொல், தேடினால் கிடைக்காது. 'ா்', 'ாி', 'ாீ' மூன்றையும் தேடி 'ர்', 'ரி', 'ரீ' என மாற்றுங்கள். இரண்டு, கொம்பு. பழைய முறைகளில் கொம்பை முதலில் எழுதி எழுத்தைப் பிறகு எழுதினார்கள், யூனிகோடில் எழுத்துதான் முதலில். மட்டமான மாற்றியில் போட்டால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். அப்படி வந்தால் மாற்றியை மாற்றுங்கள், கையால் திருத்த முயல வேண்டாம்.

மூன்றாவது, திஸ்கிக்கே உரியது. அண்ணனின் மலரில் நாங்கள் மாட்டிக்கொண்டது இதில்தான். மாற்றி முடித்துப் படித்தால் 'இந்த' என்று வர வேண்டிய இடமெல்லாம் 'ந்த' என்று வந்தது. 'இரண்டு' 'ரண்டு' ஆகியிருந்தது. 'இளநீர்' 'ளநீர்' ஆகியிருந்தது. திஸ்கி 1.6-இல் இகரத்தின் எண் 173. மற்ற அட்டவணைகளில் 173 என்பது சொல்லை மடக்கும் இடத்தில் மட்டும் தெரியும் மறைகோடு. பல செயலிகள் அதைத் தேவையற்றது என்று விழுங்கிவிட்டன. அந்தத் தொல்லைக்காகவே 1.7-இல் இகரத்தை 254-க்கு மாற்றினார்கள். இவருடைய அப்பா எழுதியது பழைய 1.6-இல். பென்டிரைவுக்கு வருவதற்குள் யாரோ எப்போதோ அதை வேறு செயலியில் திறந்து சேமித்திருக்கிறார்கள், இகரங்கள் மட்டும் போய்விட்டன.

பெரும்பாலானவற்றைத் தேடிச் சரிசெய்ய முடிந்தது. மெய்யெழுத்தில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை என்பதால் 'ந்த', 'ன்று', 'ப்போது' எல்லாம் தாமாகவே மாட்டின. 'ரண்டு', 'ளநீர்' போன்றவற்றைப் படித்துத்தான் பிடித்தோம். நன்கொடையாளர் பட்டியலுக்கு வந்தபோது நின்றுவிட்டோம். 'ராமசாமி' என்று நான்கு பேர் இருந்தார்கள். அவர் அப்பா 'ராமசாமி' என்றே எழுதினாரா, 'இராமசாமி' என்று எழுதியதில் இகரம் போய்விட்டதா? இரண்டும் சரியான பெயர்கள். அட்டவணை இதற்குப் பதில் சொல்லாது. அண்ணன் கைப்பேசியை எடுத்து, ஊரில் இருந்த சித்தப்பாவுக்குப் போன் போட்டு, கோயில் கல்வெட்டில் அந்த நாலு பேரையும் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.